வார்னிஷ் பொட்டு

தாணுமாலயனுக்குப் பயப்பட ஒரு காரணம் போதாது. ஒன்று கிடைத்தால் அதற்குத் துணையாக இன்னொன்றைத் தேடிக் கூட்டிவந்து பக்கத்தில் உட்கார வைத்துவிடுவார். மழை பெய்தால் ஓடை உடைக்குமோ என்று பயம். பெய்யாவிட்டால் கிணறு வற்றுமோ என்று பயம். ஆசிரமத்தில் இருப்பவர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, சிரித்தது தப்போ என்று பிற்பாடு யோசிப்பார்.

ஆசிரமம் புளியரைக்கு இந்தப் பக்கம், மலை அடிவாரத்தில் இருந்தது. அதை உண்டாக்கியவர் பெரிய சுவாமி. அவர் சமாதியாகி ரொம்ப வருஷமாகிவிட்டது. இப்போது அங்கே குருவாக இருப்பவர் அம்மை. தாணுவைவிட அம்மை வயதில் மிகவும் இளையவர். சமையற்கட்டில் வெகுகாலம் இருந்தவர். பெரிய சுவாமி போவதற்கு முன்னால் படித்தவர், பாடுகிறவர், பேசுகிறவர் எல்லாரையும் தாண்டி அம்மையைத்தான் கைகாட்டினார்.

தாணு அதை ஏற்றுக்கொண்டார். காலையும் மாலையும் அம்மையை விழுந்து கும்பிட்டார். ஆனால் கடைசி நேரத்தில் சுவாமிக்கு நினைவு கொஞ்சம் தப்பியிருக்குமோ என்று ஒரு பயம் அவருக்குள் இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

அவருடைய பக்தியெல்லாம் காரில் இருந்தது. அது பெரிய சுவாமியின் கார். எஸ்டேட் துரை ஒருவர் தன் தேசத்துக்குத் திரும்பியபோது சுவாமியிடம் விட்டுவிட்டுப் போனது. சுவாமி இருந்தவரை அதை ஓட்டியவர் தாணு. சுவாமி போன பிறகு அதைத் துடைத்து, மூடி, மறுபடி துடைத்துக் காப்பாற்றி வருகிறவரும் தாணு. வருஷத்துக்கு ஒருமுறை, மாசி மாதக் குருபூஜையன்று, சுவாமியின் படத்தை வைத்து நாலு தெரு சுற்றி வருவார்கள். மற்ற நாளெல்லாம் கார் கொட்டகையில் நிற்கும்.

கார் வந்த அன்று பெரிய சுவாமி சந்தனம் குழைத்து ஸ்டியரிங்கில் ஒரு பொட்டு வைத்தார். பிறகு முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் கைகள் மாட்டியிருக்கும் இரண்டு குமிழ்களிலும் ஒவ்வொரு பொட்டு வைத்தார். ஏன் அங்கே என்று யாரும் கேட்கவில்லை. ஸ்டியரிங் பொட்டு தாணுவின் கைபட்டு அன்றைக்கே அழிந்துபோனது. குமிழ்ப் பொட்டுகள் மட்டும் தங்கின.

சுவாமி சமாதியானதும் தாணுவுக்குப் புதிதாக ஒரு பயம் பிடித்துக்கொண்டது. காரைக் கழுவும்போது சுவாமி கைபட்ட அந்தப் பொட்டுகளும் அழிந்துவிட்டால் என்ன செய்வது? ஒரு சின்ன பிரஷ்ஷை எடுத்து அவற்றின் மேல் வார்னிஷ் பூசினார். அதன்மேல் வெள்ளிக்கிழமை தவறாமல் புதுச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். குருபூஜைக்கு முதல்நாள் எல்லாவற்றுக்கும் மேலே மறுபடி ஒரு பூச்சு வார்னிஷ். பொட்டு வளர்ந்து வளர்ந்து கொட்டைப்பாக்கு மாதிரி திரண்டு பளபளத்தது. வருகிறவர்கள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அப்போது தாணுவுக்கு வரும் பெருமையைப் பார்க்க வேண்டும்.

ஆனி மாதம் ஒரு காலையில் போன் வந்தது. பேசியது அக்காள் மகன் கோலப்பன்.

தாணுவின் அக்காள் வடிவம்மை மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் புனலூரில் வாக்கப்பட்டவள். அம்மா போன பிறகு தாணுவை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அவருக்கு உலகத்தில் வேறு உறவு என்று யாரும் கிடையாது. ஆனாலும் அவர் அவளைப் போய்ப் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது. போகக்கூடாது என்றில்லை. சாரல் காலத்தில் மலைப்பாதை வழுக்கும். வெயில் காலத்தில் போகலாமென்றால் குருபூஜை வேலை இருக்கும். ஏதும் இல்லாத நாளில், தான் போன சமயம் பார்த்துக் கொட்டகையில் தீப்பிடித்துவிட்டால் என்ற எண்ணம் வரும். இப்படியே வருஷங்கள் போய்விட்டன.

கோலப்பன் சொன்னது இதுதான். வடிவம்மைக்கு நெஞ்சு ஆபரேஷன். மூன்று மணிக்கு உள்ளே கொண்டுபோக வேண்டும். அவளோ தம்பி முகத்தைப் பார்க்காமல் கட்டிலை விட்டு அசைய மாட்டேன் என்கிறாள். இன்றைக்கு விட்டால் இன்னொரு நாள் குறிக்கும்வரை அந்த நெஞ்சு தாங்காது என்று டாக்டர் கையை விரிக்கிறார்.

"எங்க அம்மைக்கப் பிடிவாதம் ஒங்களுக்குத் தெரியும்லா மாமா," என்று சொல்லிவிட்டுக் கோலப்பன் அழுதான்.

தாணுவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கேரளத்தில் அன்றைக்கு ஹர்த்தால். பஸ் கிடையாது. செங்கோட்டையில் தெரிந்த டாக்ஸிக்காரர்கள் எல்லாரையும் கூப்பிட்டுப் பார்த்தார். கண்ணாடியை உடைத்துவிடுவார்கள் அண்ணாச்சி, சாயங்காலம் வேண்டுமானால் வருகிறோம் என்றார்கள். சாயங்காலம் போய் என்ன செய்வது?

அம்மை கூடத்தில் மாலை கட்டிக்கொண்டிருந்தார். தாணு நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார். அம்மை நாரைக் கீழே வைத்தார்.

"கார் இருக்குல்லா அண்ணாச்சி."

"அது பெரிய சுவாமி காரு அம்மை."

"ஆமா. அந்த மலையில அதைத் தெரியாதவங்க யாரு? யாரும் மறிக்கமாட்டாங்க."

"மழை பெய்யுது அம்மை. வைப்பர் ரொம்ப மெதுவா ஓடுது. போன குருபூஜைக்குச் சும்மா போட்டுப் பாத்தேன். நகரவே யோசிக்குது."

"அப்ப சரி பண்ணுங்க. நானும் கூட வாரேன்."

தாணு கொட்டகைக்கு ஓடினார்.

அந்தக் காலத்துக் காருக்கு வைப்பரை ஓட்ட மின்சார மோட்டார் கிடையாது. எஞ்சின் காற்றை இழுக்கும்போது, அந்த இழுப்பில் கொஞ்சத்தை ஒரு ரப்பர் குழாய் வாங்கிக்கொண்டுபோய் ஒரு சின்னப் பெட்டிக்குக் கொடுக்கும். பெட்டிக்குள் இருக்கும் தோல்துண்டு அந்த இழுப்பில் இங்கும் அங்கும் அசையும். அது அசைந்தால் வைப்பர் கைகள் அசையும். மற்றபடி அதற்குச் சொந்தமாக ஒரு பலமும் இல்லை.

தாணு எஞ்சினை ஓடவிட்டு வைப்பரைப் போட்டார். அவரிடம் அதற்கு ஒரு கணக்கு இருந்தது. சுவாமி இருந்த காலத்தில் ஒரு 'நமசிவாய' சொல்லி முடிப்பதற்குள் வைப்பர் போய்த் திரும்பிவிடும். இப்போது சொல்லிப் பார்த்தார். ஐந்தெழுத்தும் முடிந்து, ஒரு தேவாரப் பாட்டில் பாதியும் முடிந்த பிறகுதான் அது திரும்பி வந்தது.

முதலில் குழாயைப் பார்த்தார். வளைகிற இடத்தில் வெடித்திருந்தது. அங்கேதான் காற்று ஒழுகுகிறது என்று வேறு குழாய் மாட்டினார். அம்மை கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

"இப்ப எப்படி?"

"கொஞ்சம் பரவாயில்லை. ஆனா போதாது."

பெட்டியைக் கழற்றினார். உள்ளே தோல்துண்டு காய்ந்து அப்பளமாகக் கிடந்தது. விளக்கெண்ணெய் தேய்த்து ஊறவைத்தார். ஊறுகிறவரை பொறுக்க முடியாமல் கொட்டகைக்குள்ளேயே நடந்தார். அக்காள் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். சரியாக ஞாபகம் வரவில்லை. அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பெட்டியை மறுபடி வைத்து, வைப்பர் கைகளோடு இணைக்காமல் ஓடவிட்டார். அது விர்விர்ரென்று ஓடியது. கைகளோடு இணைத்தார். மறுபடி பழைய நடைதான்.

"அப்ப கோளாறு பெட்டியில இல்லை அம்மை. கைகள்ல எங்கேயோ இறுக்கிப் பிடிக்குது."

"எங்க?"

"பாக்கேன்."

டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து உள்பக்கத்து மூட்டுகளுக்கெல்லாம் எண்ணெய் விட்டார். எண்ணெய் அவர் கண்ணில்தான் அதிகம் விழுந்தது. வெளியே வந்து வைப்பர் ரப்பர்களைக் கழற்றித் துடைத்து மாட்டினார். கண்ணாடியை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார். எங்கே பிடிக்கிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடினார். நடுநடுவே, நல்லபடியாக முடிய வேண்டும் சுவாமி என்று இரண்டு குமிழ்களையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அம்மை பக்கத்தில் வந்து அந்தக் குமிழ்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி, இதையும் பாத்தாச்சா?"

"அது பெரிய சுவாமி வெச்சது அம்மை."

"அது எனக்குத் தெரியும்."

தாணு அதற்குள் எஞ்சின் மூடியைத் திறந்து உள்ளே தலையை விட்டுவிட்டார். எஞ்சினுடைய இழுப்பே குறைந்துவிட்டதோ என்று இப்போது சந்தேகம். கொஞ்ச நேரம் கழித்து அம்மை, மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது, இனி சரியாகிறவரை காத்திருந்தால் அக்காளைப் பார்க்க முடியாது என்றார். முன்கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டார்.

தாணு கிளம்பினார். வேறு வழியில்லாமல்தான் கிளம்பினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

புளியரை தாண்டும்வரை சாரல்தான். கண்ணாடியில் பூப்போல விழுந்தது. வைப்பர் மெதுவாகப் போய் வந்தாலும் சமாளிக்க முடிந்தது. தாணு ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் ஓரம் கட்டினார். சைக்கிளுக்கும் ஓரம் கட்டினார். எஸ் வளைவில் ஏற்றம் தொடங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. குடம் குடமாகக் கொட்டியது.

ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டருக்கு மிதி கொடுத்தே ஆக வேண்டும். மிதி கொடுத்தால் எஞ்சினின் இழுப்பு வைப்பருக்கு வராது. அது அந்த வகைக் கார்களின் இயல்பு. தாணுவுக்கு அது தெரியாததல்ல. முன்பெல்லாம் வளைவுக்கு வளைவு ஒரு நொடி காலை எடுப்பார். வைப்பர் படக்கென்று ஒரு வீச்சு வீசிவிட்டுத் திரும்பும். இன்றைக்குக் காலை எடுத்தும் அது பாதி தூரம் போய், மேலே போகலாமா வேண்டாமா என்று நின்றது.

கண்ணாடி முழுக்கத் தண்ணீர். சாலையும் இல்லை, மலையும் இல்லை. திடீரென்று அந்தத் தண்ணீருக்குள்ளிருந்து இரண்டு மஞ்சள் விளக்குகள் பெரிதாக வந்தன. தாணு ஸ்டியரிங்கை ஒடித்தார். லாரி ஒன்று ஹாரன் அலற, காரை உரசாத குறையாகக் கீழே போயிற்று. கார் மலைப்பக்கத்துச் சாக்கடை ஓரத்தில் ஏறி நின்றது. அந்தப்பக்கம் ஒடித்திருந்தால் பள்ளம்.

போன உயிர் திரும்பி வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. தாணு ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின.

"என்னால முடியலை அம்மை. அக்கா செத்துப்போவா. நான் இங்கேயே ஒக்காந்திருப்பேன்."

"என்னெல்லாம் பாத்திய?"

"குழாயைப் பாத்தேன். பெட்டியைப் பாத்தேன். மூட்டு, ரப்பர், எஞ்சின் எல்லாம் பாத்தேன்."

"பாக்காதது?"

"நான் பாக்காத இடமே கிடையாது."

அம்மை கதவைத் திறந்து இறங்கினார். குடையை எடுக்கவில்லை. இருக்கைக்கு அடியில் கிடந்த ஸ்பானரை மட்டும் எடுத்துக்கொண்டார். காரின் முன்பக்கம் போய் நின்றார். அவர் என்ன செய்யப் போகிறார் என்று தாணுவுக்குப் புரிவதற்குள், இடதுபக்கக் குமிழில் ஸ்பானரால் ஒரு தட்டு தட்டினார்.

தாணுவுக்கு அது தன் நெஞ்சில் விழுந்த மாதிரி இருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தார்.

"அம்மை, அது சுவாமி கையால வெச்சது!"

வார்னிஷ் உருண்டை விண்டு அம்மையின் உள்ளங்கையில் கிடந்தது. அது குமிழை மட்டும் மூடியிருக்கவில்லை. குமிழுக்கும் கார் உடம்புக்கும் நடுவில் இருக்கும் சின்ன இடைவெளிக்குள்ளும் வழிந்து இறங்கி, வைப்பர் கையைத் திரும்பவிடாமல் சேர்த்து ஒட்டியிருந்தது. அம்மை அதைத் திருப்பிக் காட்டினார். மேலே மேலே பூசிய பூச்சுகள் வெங்காயம் மாதிரி தோல் தோலாகத் தெரிந்தன.

"அண்ணாச்சி, சாமி எவ்வளவு வெச்சாங்க?"

"ஒரு பொட்டு."

"மிச்சம்?"

மழை இரண்டு பேர் தலையிலும் கொட்டிக்கொண்டிருந்தது. அம்மை ஸ்பானரை அவரிடம் நீட்டினார். வலதுபக்கக் குமிழ் இன்னும் அப்படியே இருந்தது.

தாணுவால் வாங்கிக்கொள்ளவும் முடியவில்லை, வேண்டாமென்று சொல்லவும் முடியவில்லை. எத்தனை வெள்ளிக்கிழமை அந்தக் குமிழுக்கு முன்னால் நின்றிருக்கிறார்! சுவாமி இல்லாத ஊரில் சுவாமியின் விரல் இருந்த இடம் அதுதான் என்று நம்பியிருந்தார். கீழே பள்ளத்தில் தண்ணீர் இரைந்து ஓடியது.

"இதை ஒடைச்சா சாமிக்குன்னு என்கிட்ட என்ன இருக்கும் அம்மை?"

"சாமி எதுக்கு இந்த எடத்துல பொட்டு வெச்சாங்க?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. ஆனா வைப்பர் ஓடக்கூடாதுன்னு வெச்சிருக்க மாட்டாங்க."

தாணு ஸ்பானரை வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டு தட்டினார். முதல் தட்டு குறி தப்பி காரின் பச்சைப் பெயின்ட்டில் விழுந்து ஒரு துளி பெயின்ட் தெறித்தது. மற்ற நாளாக இருந்தால் அதற்கே ஒரு வாரம் சாப்பிட்டிருக்க மாட்டார். இரண்டாவது தட்டுக்குக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டார். உருண்டை விண்டு விழுந்தது. காரில் கிடந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து, அதன் முனையால் இடுக்கில் இருந்ததைச் சுரண்டி எடுத்தார். அடியில் கொஞ்சம் மஞ்சள் தூள் இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மழைத் தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டு போனது.

அவர் விம்மி அழுதார். அம்மை அவர் அழுது முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. காரில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

தாணு எஞ்சினைக் கிளப்பி வைப்பரைப் போட்டார். வாய் தன்னால் முணுமுணுத்தது. 'நமசிவாய' முடிவதற்குள் வைப்பர் போய்த் திரும்பியிருந்தது. முன்கண்ணாடி வழியாகச் சாலை தெரிந்தது. ஓரத்துக் கல், தடுப்புச்சுவர், அடுத்த வளைவில் நின்றிருந்த குரங்குக் கூட்டம்கூடத் தெரிந்தன.

கொஞ்ச தூரம் ஏறியதும் தாணு வாயைத் திறந்தார். கோபமா வருத்தமா என்று அவருக்கே தெரியாத ஒரு குரல் வந்தது.

"கொட்டகையிலயே சொல்லியிருக்கலாமே அம்மை."

"கேட்டேனே அண்ணாச்சி."

தாணு யோசித்துப் பார்த்தார். கேட்டது உண்மைதான். அம்மை கேட்டதும், தான் என்ன பதில் சொன்னோம் என்பதும் நினைவுக்கு வந்தன. ஏற்றத்தில் மிதி கொடுத்தார், வளைவில் காலை எடுத்தார், வைப்பர் வீசியது, மறுபடி மிதித்தார்.

கோட்டைவாசல் தாண்டி இறக்கம். இறக்கத்தில் வைப்பருக்கு வந்த வேகத்தைப் பார்த்துத் தாணுவுக்கே பயமாக இருந்தது. ஆரியங்காவில் சாலையின் குறுக்கே மரக்கட்டையைப் போட்டுக்கொண்டு நாலைந்து பேர் கொடியோடு நின்றார்கள். தாணு காரை நிறுத்தினார். ஒருவன் குனிந்து உள்ளே பார்த்தான். பிறகு காரைப் பார்த்தான். சாமிடெ வண்டி என்று மற்றவர்களிடம் சொன்னான். கட்டையை இழுத்துப் போட்டார்கள். எங்கே போகிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை.

தென்மலையில் ஒரு மரம் விழுந்து கிடந்து, அதை அறுத்துத் தள்ளுகிறவரை நிற்க வேண்டியதாயிற்று. ரம்பம் ஒவ்வொரு முறை நிற்கும்போதும் தாணு கடிகாரத்தைப் பார்த்தார். இறங்கிப் போய்த் தானும் ஒரு கிளையைப் பிடித்து இழுத்தார். யாரும் அவரை அழைக்கவில்லை. இழுத்துக்கொண்டிருக்கும்போது கொஞ்சம் பயமில்லாமல் இருந்தது.

ஆஸ்பத்திரிக்குள் அவர்கள் நுழைந்தபோது மூன்று மணிக்குச் சொற்ப நேரமே இருந்தது. கோலப்பன் படியிலேயே நின்றிருந்தான். ஈர வேட்டியோடு தாணு அவன் பின்னால் ஓடினார். அம்மை அவருக்குப் பின்னால் வேகமாக நடந்தார்.

ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் வழியில் சக்கரக் கட்டிலை நிறுத்தியிருந்தார்கள். அதில் பச்சைத் துணிக்குள் யாரோ ஒரு சின்ன உருவம் படுத்திருந்தது. தாணு அதைத் தாண்டி ஓடிவிட்டார்.

"தாணு," என்று குரல் கேட்டது. நின்றார்.

முகம் மறந்துபோயிருந்தாலும் குரல் மறக்கவில்லை. வடிவம்மையின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மூக்குத்தி, கம்மல், நெற்றிப் பொட்டு எல்லாம் எடுத்துவிட்டார்கள். தாணு கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சொல்ல வேண்டும் என்று மலை முழுக்க யோசித்துக்கொண்டு வந்தது ஒன்றும் வாயில் வரவில்லை.

இடுப்பைத் தடவினார். மடியில் காகிதப் பொட்டலம் ஒன்று இருந்தது. பெரிய சுவாமி சமாதியின் திருநீறு. நல்லவேளை அது நனையவில்லை. அவசரமாகப் பிரித்து ஒரு சிட்டிகை எடுத்து அக்காள் நெற்றிக்குக் கொண்டுபோனார்.

நர்ஸ் அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்தாள். எல்லாம் சுத்தம் செய்தாயிற்று, இனி நெற்றியில் எதுவும் வைக்கக்கூடாது என்று மலையாளத்தில் சொன்னாள். ஒரு நிமிஷம்தான் இருக்கிறது என்பதையும் சொன்னாள்.

வடிவம்மை லேசாகச் சிரித்தாள்.

"வேண்டாம்ல. வீட்டுல டப்பா நெறைய ஒன் திருநீறுதான் இருக்கு. வாரா வாரம் தபால்ல வந்துரும். நீதான் வரலை."

தாணுவின் கை அந்தரத்தில் நின்றது. விரல் நுனியில் திருநீறு இருந்தது. அதை எங்கே வைப்பது, கையை எங்கே கொண்டுபோவது என்று அவருக்குத் தெரியவில்லை. நர்ஸ் கட்டிலின் சக்கரத்துப் பூட்டைக் காலால் தட்டி விடுவித்தாள். அவர் திரும்பி அம்மையைப் பார்த்தார். மனசுக்குள் எந்தச் சந்தேகமும் மிச்சமில்லாமல் அவர் அம்மையைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நான் இவளுக்கு எதைக் குடுக்க, அம்மை?"

அம்மை கிட்டே வந்தார். தன் சேலை முந்தானையால் அவர் விரல்களில் இருந்த திருநீற்றை ஒட்டத் துடைத்தார்.

"இப்ப கையைக் குடுங்க அண்ணாச்சி."